எண்ணெய் ஏன் ஓரத்துக்கு ஒதுங்குகின்றது?

தட்டையான தோசைக்கல்லில் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, நடுவில் தீ மிகும்படி அடுப்பேற்றினால், சிறிது நேரத்தில் நடுப்பகுதி வறண்டு, எண்ணெய் விளிம்பை நோக்கி ஒதுங்குவதை இல்லத்தரசியர் அறிவர். அவ்வறண்ட இடத்திலேதான் பண்டம் முதலில் ஒட்டிப்பிடிக்கும். கல் வளைந்துவிட்டது என்று அதன்மீது பழி சுமத்துவாருமுளர். கல் சமமாயிருப்பினும் இது நிகழும், காரணம் மேற்பரப்பிழுவையாகும்.

திரவத்தின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போல, எப்பொழுதும் சுருங்க முயல்கின்றது. வெப்பம் ஏற ஏற இவ்விழுவை தளரும். நீருக்கு 20 பாகையில் சதமமீற்றருக்கு 73 தைனளவாயுள்ள இழுவை, 100 பாகையில் ஏறத்தாழ 59 ஆகக் குறைகின்றது. ஆதலின் ஒரே படலத்தில் ஓரிடம் சூடாகவும் வேறோரிடம் குளிர்ந்தும் இருப்பின், கயிறிழுத்தற் போட்டியில் வலியவர் பக்கம் கயிறு செல்வதுபோல, மேற்பரப்பு குளிர்ந்த புறத்துக்கு இழுபடும். பிசுக்குமையினாற் கீழுள்ள திரவமும் உடன்செல்லும். படலம் தடித்திருந்தால் அடியிலுள்ள திரவம் திரும்பிவந்து குறையை நிரப்பும். மிக மெல்லியதாயின் நடுவிடம் வெறுமையாகும். 2021ஆம் ஆண்டிலே செக் நாட்டு ஆய்வாளர் இருவர் பொரிக்கும் தாய்ச்சியிலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். எண்ணெயைச் சற்றுத் தாராளமாக விடுக, தீயைத் தணிக்க, அடி தடித்த பாத்திரம் கொள்க என்பன அவர்கள் கூறும் பரிகாரங்கள். நம் பாட்டிமாருக்கு இவை புதியனவல்ல.

இவ்விழுவையின் ஆற்றலை அறிஞருலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலஞ் சென்றது. 1900ஆம் ஆண்டளவிற் பாரிசிலே ஹென்றி பெனார் என்பார், திமிங்கிலத்தின் தலையிலிருந்து பெறப்படும் மெழுகை உருக்கி, ஒரு மில்லிமீற்றர் அளவான மெல்லிய படையாக்கி, அடியிற் சீராகச் சூடேற்றினார். மேற்பரப்பு தேனடைபோல அறுகோண அறைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் திரவம் மேலெழுந்து, ஓரங்களிற் கீழிறங்கியது. 1916இல் றேலி பிரபு இதற்குக் காரணங் கூறினார்: அடியிற் சூடான திரவம் இலேசாகி மேலெழுகின்றது, அதுவே மேற்காவுகை. பெரியாரின் வாக்கை நாற்பதாண்டுகள் பெரும்பாலோர் ஐயுறவில்லை.

ஆயினும் இரண்டு இடையூறுகள் இருந்தன. பெனாரின் படைகள் அத்தகைய ஓட்டம் எழுவதற்கு மிக மெல்லியன என்று றேலியின் கணக்கே காட்டிற்று. மேலும், மிதப்பினால் திரவம் எழுமிடம் சற்று மேடாதல் வேண்டும். பெனார் அளந்து குறித்ததோ பள்ளம். 1956இல் பிளொக் என்பார், திரவத்தின்மேல் ஒரு மூலக்கூற்றுத் தடிப்பேயுள்ள சிலிக்கோன் படலத்தைப் பரப்பினார். ஓட்டம் நின்றது. அடியிலிருந்து தள்ளும் விசையை அத்துணை மெல்லிய போர்வை எங்ஙனம் தடுக்கும்? 1958இல் பியர்சன் இதற்குரிய கணிதத்தை வகுத்தார். தற்செயலாக ஓரிடம் சிறிது சூடேறினால் மேற்பரப்பு அங்கிருந்து விலகும். அவ்விடத்தை நிரப்ப அடியிலிருந்து சூடான திரவமே எழும். எனவே அவ்விடம் மேலும் சூடாகும். உலரும் வண்ணப்பூச்சிலும் இவ்வறைகள் தோன்றுவதை அவர் எடுத்துக்காட்டினார். பூசிய பரப்பு கீழ்நோக்கியிருப்பினும் அவை தோன்றுகின்றன. அந்நிலையில் ஆவியாதலாற் குளிர்ந்த பகுதி கீழே இருத்தலின் மிதப்புக்கு அங்கு வேலையில்லை.

றேலியின் கணிதத்தில் வழுவில்லை. தடித்த படைகளுக்கு அது நன்கு பொருந்தும். திறவுகோல் நல்லது, பூட்டுத்தான் வேறு.

1971இல் அப்பல்லோ 14 கலத்தில் சென்றோர், எடையற்ற நிலையிலே எண்ணெய்ப் படலமொன்றைச் சூடேற்றிப் பார்த்தனர். இலேசானது மேலெழுவதற்கு அங்கே மேலுமில்லை, கீழுமில்லை. ஆயினும் அறைகள் தோன்றின.