எந்தப் பாடம் எடுப்பது?

ஆண்டுதோறும் மேல்நிலைப் பரீக்ஷை முடிவு வெளியானவுடன் காஞ்சீபுரத்து நெசவாளர் வீதிகளில் ஒரே கேள்வி எழுகின்றது: "பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?" விடையோ பெரும்பாலும் அண்டை வீட்டைப் பார்த்தே அமைகின்றது. அங்கே கணிப்பொறி என்றால் இங்கும் கணிப்பொறி. அங்கே வணிகவியல் என்றால் இங்கும் வணிகவியல். இரவு பகலாகத் தறியில் உழைத்துச் சேர்த்த பொருளை இங்ஙனம் யோசனையின்றிச் செலவிடுதல் தகுமா?

மாணாக்கரின் விருப்பத்துக்கு இடமில்லாத காலம் ஒன்றிருந்தது. காஞ்சியிலும் கல்லூரி நடத்திவரும் பச்சையப்பர் தர்மத்தைச் சேர்ந்த சென்னைக் கலாசாலையில் 1906-ஆம் ஆண்டு சேர்ந்தவர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். கணிதத்தில் அவருக்கு நிகரில்லை. ஆயினும் எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றி மேலே செல்ல வழியில்லாமையால், எப்.ஏ. பரீக்ஷையில் அவர் தவறினார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்த பிறகே அம்மேதை முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட முடிந்தது.

இன்றோ பிரதான பாடத்தை மாணாக்கனே தெரிந்தெடுக்கலாம். துணைப்பாடங்களும் விருப்பப் பாடங்களும் உள. ராமானுஜனுக்குக் கிட்டாத இவ்வுரிமையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பது பேதைமையேயாகும்.

தறி வேறு, கல்லூரிக் கல்வி வேறு என்று எண்ணுவதும் பிழை. பட்டுக்குச் சாயமேற்றுவதும் சாயக்கழிவைச் சுத்தம் செய்வதும் ரசாயனம். கர்நாடகப் பட்டும் சூரத்துச் சரிகையும் என்ன விலைக்கு வருகின்றன, சேலையின் லாபம் எவர் கையில் தங்குகின்றது என்று ஆராய்வது பொருளாதாரம். புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெயரைப் போலிச் சரக்கினின்று காப்பது சட்டம். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையை நடத்தும் ஜக்கார்டோ கணிப்பொறிக்கே முன்னோடி. எப்பாடத்தைக் கற்றவனுக்கும் இவ்வூரில் வேலை உண்டு. ஆனால் அதை அவன் மனமொப்பிக் கற்றிருக்க வேண்டும்.

ஆகவே, கட்டணம் செலுத்துமுன் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படியுங்கள். பிறர் ஏவாமல் தான் விரும்பிப் படித்தது எது என்று மாணாக்கன் தன்னையே கேட்டு, அதைப் பிரதானமாகக் கொள்ளட்டும். ஜீவனத்துக்கு உதவுவதைத் துணையாகக் கொள்ளட்டும். பெற்றோர் ஆலோசனை கூறலாம், ஆணையிடலாகாது. இடங்கள் நிரம்பினால் போதுமென்று கல்லூரிகளும் இருந்துவிடலாகாது. சேருமுன் பாடங்களை விளக்கிக் கூற ஆசிரியர்களை அமர்த்த வேண்டும். பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள நண்பர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கோடை விடுமுறையில் வீதிதோறும் இவ்வுதவியைச் செய்யலாம்.

பாவு போடும்போதே இழைக்கணக்குப் பார்ப்பவன் நெசவாளன். பாவிலே நேர்ந்த பிழையை ஊடையால் திருத்த முடியாதென்பது அவனறிந்த உண்மை. பிள்ளையின் படிப்பில் மட்டும் அக்கணக்கை மறக்கலாமா?