வாயு தீர்வதில்லை!

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கடற்கரைப் பட்டினங்களில் ஆண்டுதோறும் ஒரு பொய் விலைபோகின்றது. குளிரூட்டி குளிர் தரவில்லை என்று அழைத்தால், வருபவர் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஸ் முடிஞ்சிட்டு" என்கிறார். வாயு நிரப்பப்படுகின்றது, பணம் கைமாறுகின்றது. அடுத்த கச்சான் காலத்தில் அதே இயந்திரம், அதே பேச்சு, அதே செலவு.

விளக்கில் எண்ணெய் எரிவதுபோலக் குளிரூட்டியில் வாயு எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்ச் சுற்றினுள் அது ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுழல்கின்றது. ஓடிய இயந்திரத்தில் வாயு குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கின்றது என்பதே பொருள். ஓட்டையைத் தேடாமல் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

"குளிரூட்டி பணக்காரர் வீட்டுப் பண்டம், அதைப்பற்றி முற்போக்கு ஏட்டில் எழுதுவானேன்?" எனச் சில தோழர்கள் கேட்கக்கூடும். அரசாங்க ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பாடசாலைக் கணினி அறையிலும் இருப்பது அதே இயந்திரமே. அங்கே கரைவது பொதுமக்களின் பணம். அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு: ஏணியில் ஏறி அதைத் திருத்துகின்றவன், நமது வகுப்பறையிலிருந்து இடைநடுவில் வெளியேறிய மாணவன்.

ஓட்டை ஏன் விழுகின்றது? அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படியும் ஒட்சைட்டுப் படலம். கொண்டற் காற்று சுமந்துவரும் உப்பின் குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்கின்றது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பீரம் படிந்தால், அவ்விடமே ஒரு மின்கலமாகிவிடும். அலுமினியம் அனோட்டாகி அரிபடும். முதலில் தகடுகள் வெண்பொடியாய் உதிரும். குழாயும் அலுமினியமாகவே அமைந்த சுருள்களில் அரிப்பு குழாய்ச் சுவரையே துளைத்துவிடும். கடற்கரையில் விற்கும் இயந்திரத்துக்கு உப்பைத் தாங்கும் பூச்சு வேண்டுமென்பது உற்பத்தியாளருக்குத் தெரியும். வாங்குபவனுக்கு அதை யார் சொல்கிறார்?

"அலுமினியக் கொயில வெல்ட் பண்ண ஏலாது, புதுசு போடுங்க" என்பது இரண்டாவது வாசகம். இஃது அரை உண்மை. செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகும். உருகுமுன் சிவந்து எச்சரிப்பதுமில்லை. அதன் ஒட்சைட்டு உருக 2,000 பாகைக்கும் மேல் வேண்டும். செம்பில் பழகிய கை ஒரு கணம் தவறினாலும் குழாய் உருகி விழும். ஆனால் சிலிக்கன் கலந்த அலுமினியக் கம்பி ஏறத்தாழ 580 பாகையில் உருகும்; நாகம் கலந்த கம்பிகள் அதனினும் தாழ்ந்த வெப்பத்தில் உருகும். எஞ்சிய வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுத்து, நைதரசனை ஏற்றிச் சவர்க்கார நுரையால் ஓட்டையைக் கண்டு, அவ்விடத்தைத் தேய்த்துத் துலக்கி, ஒட்சைட்டைக் கரைக்கும் பொடியிட்டு, கம்பியைப் பொருத்தமான வெப்பத்தில் உருக்கி அடைக்கலாம். பிறகு மீண்டும் அழுத்தம் சோதித்து, வெற்றிடமாக்கி, வாயுவை நிறுத்து நிரப்ப வேண்டும். பசை பூசி மறைப்பது வேலையன்று. வெயில் நாளில் வெளிச்சுருளினுள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 25 மடங்கைத் தாண்டக்கூடும். சுருள் முழுவதும் அரித்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒற்றைத் துளைக்காக முழுச் சுருளையும் எறிவது எந்த நியாயம்?

இவ்வேலைக்கு அரைநாள் செல்லும். வாயு நிரப்ப அரைமணி போதும். சந்தை அரைமணிப் பொய்க்குக் கூலி வைத்திருக்கின்றது. அரைநாள் உண்மைக்கு வைக்கவில்லை. இதுவே நோயின் வேர். தொழிலாளியைக் கள்வன் என்று ஏசுவோர், அவனிடம் பேரம் பேசி அந்த அரைநாளை மறுத்தவர்கள் யாரென்பதையும் கூறட்டும்.

இழப்பு பணத்தோடு முடிவதில்லை. பழைய ஆர்-22 வாயு ஓசோன் படையை அரிப்பது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஒரு கிலோகிராம் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகப் புவியை வெப்பமாக்கும். இலங்கை 1989இல் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை 2018இல் ஏற்றது. கொழும்பில் இடப்பட்ட அக்கையொப்பம் கல்முனையின் கூரைமேல் நிறைவேற வேண்டுமாயின், நிறைவேற்றும் கரத்துக்குக் கருவியும் கல்வியும் வேண்டாமா?

அக்கரம் இன்று ஆபத்தில் இருக்கின்றது. வாயு எஞ்சிய குழாயில் சுடரைப் பிடித்தால் நச்சான ஐதரசன் புளோரைட்டு எழும். புதிய ஆர்-32 தீப்பற்றக்கூடியது. நைதரசன் கைவசமில்லையென்று ஒட்சிசனை ஏற்றினால், இயந்திரத்தினுள் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது வெடித்துவிடும். இவற்றை அவனுக்குத் தமிழில், எழுத்தில், பொறுமையாகக் கற்பித்தவர் எத்தனைபேர்? வளைகுடாவின் வெயிலில் பல்லாண்டு இதே தொழிலைப் பழகித் திரும்பியவர் நம்மூர்களில் உண்டு. கையில் சான்றிதழ் இல்லாமையால் அவர் அறிவு அறிவாக எண்ணப்படுவதில்லை.

ஆசிரியத் தோழர்களே, குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. நமது உயர்தர மாணவன் மின்கலத்தின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதுகிறான்; அதே மின்கலம் பாடசாலைச் சுவரில் தொங்கி அரித்துக்கொண்டிருப்பதை அறியான். புத்தகம் படித்தவனுக்கு மதிப்பு, கை அழுக்கானவனுக்கு இழிவு என்னும் வர்க்கப் பாடத்தையும் நாமே சொல்லாமற் சொல்லிக் கொடுத்துவிட்டோம். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, திருத்தத் தெரிந்த கையின் பெறுமதி நாட்டுக்கே விளங்கியது. அந்த விளக்கத்தை இவ்வளவு விரைவில் மறக்கலாமா?

கோரிக்கைகள் கடினமானவையல்ல. ஓட்டை எங்கே என்று பற்றுச்சீட்டில் எழுதாமல் எந்த அரச, பொது நிறுவனமும் வாயு நிரப்பக் கட்டணம் செலுத்தலாகாது. எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாமல் மீட்கும் கருவியைச் சிறு தொழிலாளர் கூட்டாகப் பெற வழி செய்ய வேண்டும். சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில், அலுமினியம் இணைக்கும் பயிற்சி தமிழில், உழைப்பவர் வரக்கூடிய மாலை நேரத்தில் நடக்க வேண்டும். அனுபவத்தால் கற்றவரைச் சோதித்துத் தேசியத் தொழிற்றகைமை வழங்க வேண்டும். அரைநாள் உழைப்புக்கு அரைநாட் கூலியை, திருத்துவிப்போர் பேரமின்றிக் கொடுக்க வேண்டும்.

இவை கிடைத்த பின்னும் ஒருவன் "காஸ் முடிஞ்சிட்டு" என்பானாயின், அவனைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. அதுவரை கண்டிக்க வேண்டியது, அப்பொய்யைச் சொல்லும்படி அவனை ஏணியில் ஏற்றியிருக்கும் அமைப்பையே.