ஏலத்துக்கு வரும் வீடு யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் வேலைக்கு உத்தரவாதமில்லை. வீட்டுக்கடன் தவணைக்கு மட்டும் மாறாத தேதி உண்டு. 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோதே இது புரிந்திருக்க வேண்டும். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பிறகு, 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், நீதிமன்றத் தீர்ப்பில்லாமலே ஏலம். எடுத்தவர் கால் பங்கை மறு வேலைநாளுக்குள்ளும், மீதியைப் பொதுவாக 15 நாளிலும் கட்ட வேண்டும். இந்த வேகம் ரொக்கம் வைத்திருப்பவருக்கே சாதகம். அந்த வீட்டைத் தன் உறுப்பினருக்காக வாங்க நினைக்கும் கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் தீர்மானம் போட்டு, பதிவாளர் ஒப்புதல் வாங்குவதற்குள் பத்திரமே பதிவாகிவிடும்.

ஆகவே ஏலத்துக்கு வரும் வீடுகளை வாங்க, அரசு இந்தச் சங்கங்களுக்கென ஒரு சுழல்நிதி வைக்கலாம். இதே பகுதியின் வல்லம் வடகாலில் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் விடுதிக்கு 706.50 கோடி ரூபாய் செலவானது; நல்ல காரியம்தான், ஆனால் விடுதியில் குடும்பம் நடத்த முடியாது. அமெரிக்கா 2008-இல், கடன் கட்ட முடியாமல் பறிபோன வீடுகளை வாங்கிச் சீரமைக்க உள்ளாட்சிகளுக்கும் மாநிலங்களுக்கும் 392 கோடி டாலர் ஒதுக்கியது. வங்கி நஷ்டப்படுமே என்பார்கள். சங்கமும் ஏலத்தில் கேட்டுத்தானே வாங்கப்போகிறது? அடுத்தவன் துயரத்தில் ஆதாயமா என்ற கேள்வி நியாயமானது. கடன் போக மிஞ்சும் தொகை சட்டப்படி உரிமையாளருக்கே. அதே வீட்டில் வாடகைக்குத் தொடரும் முதல் உரிமையையும் அவருக்கே தரலாம். சங்கங்களில் முறைகேடு நடக்கும் என்ற அச்சத்தைத்தான் தட்டிக்கழிக்க முடியாது. பணத்தைச் சங்கத்திடம் கொடுக்காமல் நேரே வங்கிக்குச் செலுத்துவதும், ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் வெளியிடுவதும் நிபந்தனையாக இருக்கட்டும்.