வலிப்பது பொய்யல்ல!

தேர்வு நாள் காலையில் பள்ளிக் குழாயடியைப் பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? முதல் மணி அடிப்பதற்குள் நாலைந்து பேராவது அங்கே நிற்பார்கள். ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளிப்பாள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பாள். இன்னொருத்தி நெற்றியில் ஈரக் கைக்குட்டையை வைத்தபடி படியில் உட்கார்ந்திருப்பாள். கையில் புத்தகத்தோடு அவர்களைத் தாண்டிப் போகும் நாம் என்ன சொல்லிக்கொண்டு போகிறோம்? "ஆரம்பிச்சுட்டாங்கப்பா, நடிப்பை!"

நானும் அப்படிச் சொன்னவள்தான். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நான் வகுப்புத் தலைவி. அரையாண்டுக் கணிதத் தேர்வன்று என் தோழி ஒருத்தி, வயிறு வலிக்கிறது, சற்றுப் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஆசிரியை என் பக்கம் திரும்பி, "நிஜமாவே வலிக்குதா இவளுக்கு?" என்றார்கள். நான் சற்றும் யோசிக்கவில்லை. "கணக்குப் பரீட்சைன்னா அவளுக்கு எப்பவும் வரும், மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் ஒன்றும் பேசாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்து தேர்வை எழுதினாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை, எனக்கே அந்த வலி வரும் வரையில்.

இந்த ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு தொடங்கியது. இரண்டாவது வாரமே ஞாயிறு இரவுகளில் தொப்புளைச் சுற்றி ஒரு பிசைச்சல் ஆரம்பித்தது. திங்கள் காலையில் அது முறுக்கிப் பிழியும். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். "புள்ளைக்குக் குடல் ஏறிக்கிருச்சு" என்று அப்பத்தா விளக்கெண்ணெயைத் தொட்டு வயிற்றை உருவிவிட்டார்கள். (உண்மையைச் சொன்னால், அப்பத்தா உருவும்போது மட்டும் வலி குறைந்தது. காரணம் எண்ணெய்தானா, அல்லது அந்தக் கையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.) கடைசியில் அப்பா பூட்டுப் பட்டறையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனார். இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. "எல்லாம் நார்மல். ஒன்றுமில்லை" என்றார் மருத்துவர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா அந்த ஸ்கேன் உறையை மடி மீது வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருந்தார். "ஒண்ணுமில்லையாம்மா, இனிமே வலிக்காது" என்றார். அடுத்த திங்கட்கிழமை வலித்தது. எப்படிச் சொல்வது? ஒரு நாள் கூலியும் ஸ்கேனுக்குக் கட்டிய பணமும் என் கண் முன்னால் வந்து நின்றன. ஒன்றுமில்லை என்று காகிதத்திலேயே எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் வலிக்கிறது என்றால் அது பொய் என்றுதானே ஆகும்? வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். அன்றுதான் என் தோழியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். மருத்துவர் அதைச் சொல்லும்போது புண் இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை என்று பொருள். நல்ல செய்தி! ஆனால் அந்தச் சொல் வீட்டு வாசலைத் தாண்டியதும் அதன் பொருள் மாறிவிடுகிறது. "வலியே இல்லை" என்று ஆகிறது. அதுவே பள்ளிக்கு வரும்போது "நடிக்கிறாள்" என்று முடிகிறது. ஒரே சொல், மூன்று இடங்களில் மூன்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பயம் வந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம். "அடிவயிறு கலங்கிவிட்டது", "ஈரக்குலை நடுங்குகிறது", "நெஞ்சு பதைக்கிறது" என்கிறோம். பயத்தின் இருப்பிடம் வயிறும் நெஞ்சும் என்று தமிழ் பேசும் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு சிறுமி உண்மையாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் மட்டும் நாம் நம்புவதில்லை!

இது நிகழும் விதத்தை நாம் பாடப் புத்தகத்திலேயே படிக்கிறோம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைப் பற்றி நெடுவினாவே எழுதுகிறோம். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் தேவையான தசைகளுக்கு இரத்தம் விரைகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போவது குறைகிறது. இரைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்ள, பெருங்குடல் அவசரப்படுகிறது. அதனால்தான் தேர்வு மணி அடிக்கும் நேரத்தில் கழிவறை வாசலில் அத்தனை கூட்டம். கழுத்துத் தசையும் தோள் தசையும் இறுகி இறுகித் தலைவலி ஆகிறது. மூச்சை வேக வேகமாக விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரத்துப் போகின்றன, தலை சுற்றுகிறது. நம் குடலின் சுவரில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் உள்ளன. மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் குடலுக்கு மூளையின் கலக்கம் தெரியாமல் போகுமா? புலிக்கும் கணக்குத் தாளுக்கும் உள்ள வேற்றுமை மட்டும் அந்தச் சுரப்பிக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை ஒரு மருத்துவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். 1822-இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவேயில்லை. வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியாகப் பல ஆண்டுகள் சோதனைகள் செய்து 1833-இல் நூலாக வெளியிட்டார். அச்சமோ கோபமோ வந்தால் இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறுவதையும், செரிமானம் கெடுவதையும் அவர் கண்டார். ஆக, நம் வயிற்றுக்குள் ஒரு ஜன்னல் இருந்திருந்தால் யாரும் நம்மை நடிகைகள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி, 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்று வலி வந்துகொண்டிருந்தது. மாணவர்களை விட மாணவிகளுக்கே அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைகளைத் துருவிச் சோதித்தபோது பத்தில் ஒருவருக்குக்கூட உடலில் நோய் தென்படவில்லை. நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பை எண்ணிப் பாருங்கள். நாலு பேர்! குழாயடியில் நிற்பவர்களின் எண்ணிக்கையும் அதுவேதான்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் கோழைத்தனம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் போர் வீரர்களைப் பார்க்கட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு வலி, படபடப்பு என்று வந்த வீரர்களை ஆராய்ந்த டா கோஸ்டா என்ற மருத்துவர், பலருடைய இதயத்தில் பழுது எதையும் காண முடியவில்லை என்று 1871-இல் எழுதினார். அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. எந்தப் பெருமகனின் பெயரை அந்த ஊர் தாங்கியிருக்கிறதோ, அவர் 1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். பின்பு பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்குக்காகக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். தலை சுழன்றது, நீதிமன்றமே சுழல்வது போல் இருந்தது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். இதைத் தம் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். வெள்ளை ஆட்சியை எதிர்த்து நின்ற காந்தியடிகளைக் கோழை என்று சொல்வோமா? மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்த கெத்சமனித் தோட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவரின் மன வேதனை வியர்வையாக நிலத்தில் விழுந்ததை எழுதி வைத்தவர் மருத்துவரான லூக்கா.

சிலர் கேட்பார்கள்: "இப்படி இடம் கொடுத்தால் படிக்காத பிள்ளைகள் எல்லாம் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ள மாட்டார்களா?" ஒன்றிரண்டு பேர் செய்யலாம். நானே ஏழாம் வகுப்பில் ஒரு முறை செய்திருக்கிறேன். (அம்மா இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.) ஆனால் பொய் சொல்லும் ஒருத்தியைப் பிடிப்பதற்காக உண்மையில் வலிக்கும் நாலு பேரின் வாயை அடைப்பது நியாயமாகுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லா வலியையும் "பரீட்சைப் பயம்" என்று தள்ளிவிடுவதும் ஆபத்துதான். தொப்புளிலிருந்து வலி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அதே ஆப்லி சொல்லியிருக்கிறார். வலது அடிவயிற்றில் வலித்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியானாலும், காய்ச்சல், எடை குறைதல், மலத்தில் இரத்தம் என்று எது சேர்ந்து வந்தாலும் மருத்துவரிடம்தான் ஓட வேண்டும். மாதவிலக்கு வலியும் இரத்த சோகையும் நம்மில் பலருக்கு உண்டு. அவற்றுக்கு மருந்தும் உண்டு. முதலில் உடலைச் சோதிக்கட்டும். சோதித்து ஒன்றும் காணாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடாமல், அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டவர் ஓர் அருட்சகோதரி. நான் படுத்திருந்த பெஞ்சின் அருகில் வந்து, "எப்போ ஆரம்பிக்குது? அதுக்கு அப்புறம் என்ன பீரியட்?" என்று மட்டும் கேட்டார்கள். ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், அடுத்து என்ன என்று எழுதி வரச் சொன்னார்கள். மூன்று வாரம் எழுதினேன். எனக்கே வியப்பு! கணக்குக்காக எனக்கு வலிக்கவில்லை. திருத்திய விடைத்தாள் கொடுக்கும் நாட்களில்தான் வலித்தது.

விடைத்தாள் கொடுக்கும் முறை நம் எல்லோருக்கும் தெரியும். அதிக மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். கடைசிப் பத்துப் பேர் தலை குனிந்து காத்திருக்க வேண்டும். பொதுத் தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. அது பள்ளி வகுப்பறை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை போலும்! 2023-இல் நம் திண்டுக்கல் மாணவி ஒருவர் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 600 பெற்றபோது ஊரே மகிழ்ந்தது; எனக்கும் பெருமைதான். ஆனால் அன்று முதல் எங்கள் தெருவில் 480 எடுத்தவளுக்கும் பாராட்டு இல்லை. "மிச்சம் 120 எங்கே?" என்று கேட்கிறார்கள். பெரியோர்களே, விடைத்தாளைப் பெயர் வரிசையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அந்தச் சகோதரி அம்மாவை அழைத்துப் பேசினார்கள். வலிக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்றார்கள். வீட்டில் சொல்ல முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022-இல் தொடங்கிய இந்த அரசு மனநலச் சேவையில் தமிழிலேயே பேசுகிறார்கள், கட்டணமில்லை. எனக்கு வலி முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்திருக்கிறது. அப்பா இப்போது ஞாயிறு இரவில், "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறார். வலிக்கிறது என்று சொன்னால், "சரி, வா, கொஞ்ச நேரம் வாசல்ல உட்காருவோம்" என்கிறார்.

என் தோழியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. போன திருப்புதல் தேர்வன்று காலையில் அவளும் குழாயடியில் நின்றாள். பக்கத்தில் போய், "எங்க வலிக்குது?" என்றேன். முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, "தொப்புள்கிட்ட. உனக்கு?" என்றாள்.

"எனக்கு இன்னைக்குத் தலைவலி" என்றேன்.

மணி அடித்துவிட்டது. கைக்குட்டையை நனைத்து என்னிடம் கொடுத்துவிட்டு அவள் முன்னால் படியேறினாள்.