கேழ்வரகுக் கொல்லையும் அரிசி மூட்டையும்

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், ஒகேனக்கல் செல்லும் மலைச்சாலையில் அமைந்திருக்கிறது நாட்றாம்பாளையம். சுற்றிலும் காப்புக்காடு, காட்டுக்கு அப்பால் காவிரி, காவிரிக்கு அக்கரையில் கர்நாடகம். வானம் பார்த்த இந்தப் புன்செய் நிலத்தில் ஆடி, ஆவணியில் விதைக்கப்படும் கேழ்வரகு கார்த்திகை, மார்கழியில் முற்றுகிறது. கதிர் பால்பிடித்த நாள்முதல் உழவர்களுக்கு வீட்டில் உறக்கமில்லை. கொல்லையோரத்துப் பரணில் அமர்ந்து, தீ மூட்டியும் தகரத்தைத் தட்டியும் யானைகளை விரட்டியபடி விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். மனிதருக்குப் பிடித்த தானியம் யானைக்கும் பிடித்திருப்பது இந்த ஊர்களின் தீராத தலைவலி.

இப்படிக் கண்விழித்துக் காத்த தானியத்தில் பெரும்பகுதி களத்திலிருந்தே வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகிறது. அதே வீட்டின் உலையில் வேகும் அரிசியோ வேறெங்கோ விளைந்து, பல கிடங்குகளைக் கடந்து, நியாயவிலைக் கடையின் வழியாக மலையேறி வந்தது. பசியை விரட்டுவதில் தமிழ்நாடு பெற்றிருக்கும் வெற்றி இந்தக் காட்சியில் இருக்கிறது. அந்த வெற்றி தீர்க்காமல் விட்ட குறையும் இதிலேயே இருக்கிறது.

பஞ்சம் கண்ட மண்

ஒசூரும் கிருஷ்ணகிரியும் முன்னாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. தாது ஆண்டில் தொடங்கியதால் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று மக்கள் அதனை அழைத்தனர். 1871ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கையும் 1881ஆம் ஆண்டின் கணக்கையும் ஒப்பிட்டால், சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது தெரியவரும். மாண்டவர் பலர், ஊரைவிட்டு ஓடியவர் பலர். நிவாரணப் பணிக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியத்திற்கு ஈடான கூலி போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். நாள் முழுதும் கல்லுடைத்தவர்க்கு அளந்து கொடுக்கப்பட்ட அளவு அது. அப்பஞ்சத்தில் தானியம் நாட்டிலிருந்து அறவே அற்றுப்போகவில்லை. வாங்குவோரிடம் காசும், ஆள்வோரிடம் மனமும் இல்லாமற்போயின.

பஞ்சத்தை எதிர்கொள்ள அந்நாளைய உழவர்களிடம் ஒரு காப்பு இருந்தது. கேழ்வரகு எளிதில் பூச்சி பிடிக்காத தானியம். மேட்டு நிலத்தில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, அதில் கேழ்வரகைக் கொட்டி மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு மழை பொய்த்தால் குழியைத் திறப்பார்கள். அடுத்த மழை பெய்ததும் நிரப்புவார்கள். மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது அந்தக் குழிகளும் வறண்டன. தனி ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஓர் எல்லைவரைதான் காக்கும். அதற்கப்பால் காக்க வேண்டியது அரசு என்பதை இந்த மண் அன்றே கண்டது.

சோறு உரிமையான வரலாறு

அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள் என்கிறது காப்பியம். அது அறம். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாடு செய்தது அறத்தை நிர்வாகமாக மாற்றியது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கியது. 1956இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக்கினார். 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மு.க.ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறின, ஒருவர் ஏற்றிய அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. இந்திய அரசியலில் இது எளிதாகக் காணக்கூடிய பண்பன்று.

நியாயவிலைக் கடையின் வரலாறும் இத்தகையதே. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தொடங்கப்பட்டது. 1997இல் மைய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் எனக் குடும்பங்களைப் பிரித்து வெவ்வேறு விலையில் பொருள் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைத் தன் கடைகளுக்குள் இழுக்கவில்லை. யார் ஏழை என்று தேடுவதில் உண்மையான ஏழையே விடுபட்டுப்போவார் என்பது அதன் நிலைப்பாடு. மலைக்கிராமங்களில் இதன் பயன் பெரிது. சான்றிதழ் கேட்டு அலுவலகத்திற்கு நடக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்கு, கேள்வி கேட்காத கடையே உண்மையான கடை. 2011ஆம் ஆண்டு சூன் முதல் அரிசி விலையில்லாமலே வழங்கப்படுகிறது. அந்தியோதயா அட்டை பெற்ற மிக வறிய குடும்பத்திற்கு மாதம் 35 கிலோ கிடைக்கிறது. எழுபது வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. மேட்டில் ஒரு வீடும் பள்ளத்தில் ஒரு வீடுமாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் அத்தகைய வண்டி ஒன்றின் வருகை சிறிய செய்தியன்று.

வயிறு நிறைந்தபின்

ஆயினும் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வு வேறொரு செய்தியையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. பட்டினி நீங்கிய வீட்டிலும் ஊட்டக்குறை தங்கியிருக்கிறது. வயிறு நிறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாத இதனை ‘மறைபசி’ என்பர்.

இந்த இடத்தில்தான் நாட்றாம்பாளையத்துக் கொல்லை நினைவுக்கு வர வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மிகுதியான சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய வெள்ளை அரிசியில் உள்ளது 10 மில்லிகிராம் அளவே. நார்ச்சத்திலும் கேழ்வரகு முந்தி நிற்கிறது. மறைபசிக்கு மாற்றாக, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துச் செறிவூட்டிய அரிசி கடைகளில் வழங்கப்பட்டுவந்தது. அதுவும் ஒரு வழிதான். எனினும், சத்து மிகுந்த தானியம் விளையும் ஊரிலிருந்து அந்தத் தானியத்தை வெளியேற்றிவிட்டு, ஆலையில் சத்து கலந்த வேறொரு தானியத்தை அதே ஊருக்கு ஏற்றி அனுப்புவது எவ்வகைச் சிக்கனம் என்பது விளங்கவில்லை.

கேழ்வரகைப் போற்றும்போது ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. பழங்காலத்தில் அரிசிச்சோறு பண்டிகை உணவு. கேழ்வரகுக் களியும் கூழும் ஏழையின் அன்றாடம். திரிகையில் கேழ்வரகை அரைப்பதும், கொதிக்கும் பானையில் களி கிண்டுவதும் பெண்களின் தோளை முறித்த வேலைகள். விலையில்லா அரிசி வந்தபோது அவர்கள் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. அவர்கள் பெற்றது ஓய்வு. கூடவே, பிறர் உண்பதையே தாமும் உண்கிறோம் என்னும் பெருமிதம். நகரத்தில் சிறுதானியம் விலையுயர்ந்த நலவுணவாகிவிட்டது என்பதற்காக மலைப்பெண்கள் மீண்டும் திரிகையைச் சுற்ற வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆதலால், கேழ்வரகு கடைக்கு வரும்போது அரைவை ஆலையும் ஊருக்கு வர வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் பொறுப்பில் ஒரு சிறிய மாவு ஆலை இருந்தால், தானியமாகப் பெறுவோர் மாவாக வீட்டிற்கு எடுத்துச் செல்வர்.

கேழ்வரகு எல்லாக் குறையையும் தீர்க்கும் மருந்துமன்று. அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்பதில்லை. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் ஓரளவு கூடுதலாக ஏற்கும். கீரையும் பருப்பும் முட்டையும் உடன் வேண்டும்.

எல்லைக்கோடுகளின் விந்தை

இது புதிய யோசனையன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் வழங்கத்தக்க தானியமாகவே குறிப்பிடுகிறது. கர்நாடகம் தன் தென்மாவட்டங்களில் கேழ்வரகை உழவர்களிடம் கொள்முதல் செய்து நியாயவிலைக் கடைகளில் வழங்கிவருகிறது. அங்கும் இங்கும் ஒரே மண், ஒரே மழை, களி உருண்டையும் ஒன்றே. எல்லையோர ஊர்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. கேழ்வரகை ‘ராகி’ என்றே பலரும் அழைக்கின்றனர். கடையின் தராசு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

தமிழ்நாடும் இவ்வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு மே மாதம் முதற்கட்டமாக நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில், குடும்ப அட்டை ஒன்றுக்கு இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. அதற்கான தானியத்தைத் தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களின் உழவர்களிடமிருந்து கொள்முதல் செய்ய ஏற்பாடாயிற்று. கேழ்வரகு கொடுக்கும் மாவட்டமாகக் கிருஷ்ணகிரி இருந்தது. பெறும் மாவட்டங்களின் அந்த முதற்பட்டியலில் அது இல்லை. நாட்றாம்பாளையத்திலிருந்து காட்டுச்சாலையில் இறங்கினால் வரும் ஒகேனக்கல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. சாலையின் கீழ்முனையில் இருப்பவரின் அட்டைக்கு உரிய கேழ்வரகு மேல்முனையில் விளைவிப்பவரின் அட்டைக்கு உரியதாகவில்லை. தொடக்கநிலைத் திட்டத்திற்கு எல்லை வகுக்காமல் இயலாது என்பது உண்மையே. ஆனால் அந்த எல்லை விரியும்போது, தானியம் விளையும் மலைவட்டங்கள்தாம் முதலில் சேர வேண்டும். மாநிலம் முழுமைக்கும் கொடுக்கும் அளவு கேழ்வரகு இங்கு விளைவதில்லை என்னும் தடையும் இதனால் நீங்கும். ஊரில் விளைந்தது ஊரிலேயே தங்கினால் வண்டி வாடகையும் மிச்சம்.

பள்ளிச் சமையலறை இன்னும் எளிய வாயில். காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் மாறிமாறி வருகின்றன. உள்ளூரில் விளையும் சிறுதானியங்களையும் பயன்படுத்தலாம் என்று அதன் வழிகாட்டுதல் இடம் தருகிறது. மலைப்பள்ளி ஒன்றில் வாரம் இருநாள் கேழ்வரகு இட்லியோ இனிப்புக் கஞ்சியோ பரிமாறப்பட்டால், தம் வீட்டு உணவு தாழ்ந்த உணவன்று என்பதைப் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை.

ஊரைவிட்டுச் செல்வோரின் நிலை தனியே எண்ணத்தக்கது. மலைக்கிராம இளைஞர்கள் ஒசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூரின் கட்டுமானப் பணிகளுக்கும் செல்கின்றனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் அதே ஒசூரில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். ‘ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை’ திட்டம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. எனினும் மாநில எல்லையைத் தாண்டிச் செல்லும் உரிமை, மையச் சட்டத்தின்கீழ் வரும் முன்னுரிமை அட்டைகளுக்கு மட்டுமே உண்டு. மாநில அரசு தன் செலவில் காக்கும் மற்ற அட்டைகள் எல்லையில் நின்றுவிடுகின்றன. பெங்களூரில் மண் சுமப்பவருக்கு அங்கே அரிசி இல்லை. ஊரிலிருக்கும் முதிய தாய்தான் அவர் பங்கையும் வாங்கி வைக்கிறார். இரு மாநில அரசுகளும் அமர்ந்து பேசினால் தீரக்கூடிய சிக்கல் இது. காவிரி நீரைப் போல இதில் பங்கு பிரிக்க ஏதுமில்லை.

களத்தில் நிகழ வேண்டியது

கடையில் கேழ்வரகு இருக்க வேண்டுமானால், கொல்லையில் கேழ்வரகு இருக்க வேண்டும். யானை ஓர் இரவில் அழித்த பயிருக்கான இழப்பீடு அடுத்த விதைப்புக்குமுன் கைக்கு வராவிட்டால், உழவர் வேறு பயிருக்கு மாறுவார். அல்லது நிலத்தைத் தரிசாக விட்டு ஒசூருக்குப் பேருந்து ஏறுவார். மைய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை, கேழ்வரகுக் குவிண்டாலுக்கு 2022-23இல் 3,578 ரூபாயாக இருந்தது. 2025-26இல் 4,886 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தாளில் இது நல்ல விலை. ஐந்தாறு மூட்டை விளைந்த சிறு உழவர், வண்டி வாடகை கொடுத்து அதைத் தொலைவிலுள்ள நிலையத்திற்குக் கொண்டுசென்று, ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி அனுப்பப்பட்டால் அந்த விலை அவருக்கு எட்டாது. வியாபாரி களத்திற்கே வருகிறார். அங்கேயே எடைபோட்டுக் கையிலேயே பணம் தருகிறார். அரசின் விலை வியாபாரியின் விலையைவிட உயர்ந்தது. அரசின் நடை வியாபாரியின் நடையைவிட மெதுவானது.

மார்கழியில் கதிரடிப்பு நடக்கிறது. நிலையம் அதற்குமுன்பே அஞ்செட்டியைச் சுற்றிய மலைக்கிராமங்களுக்கு அருகில், இயன்றால் நடமாடும் வண்டியாக, வந்துசேர வேண்டும். பணம் ஒரு வாரத்திற்குள் வங்கிக்கணக்கில் ஏற வேண்டும். தை பிறந்தபின் திறக்கப்படும் நிலையத்தில் தராசு இருக்கும், சாக்கு இருக்கும், எழுத்தர் இருப்பார். மூட்டைகள் மட்டும் அதற்குள் மலையிறங்கிப் போயிருக்கும்.