அகம்: இரண்டாவது ஆல்பமும் எங்க அவ்வாவும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, எனக்கு ராகம், தாளம் எதுவும் தெரியாது. பி.காம் படிக்கிற பையன். டெபிட், கிரெடிட் தான் தெரியும் :-)

பெங்களூர்ல இருந்து வந்த கர்நாடக புரோகிரசிவ் ராக் குழு 'அகம்'. 2007ல் சன் டிவியின் 'ஊ ல ல லா' போட்டியில் ஜெயிச்சவங்க. முதல் ஆல்பம் 2012ல், இரண்டாவதான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' 2017ல். நடுவில் அஞ்சு வருஷம். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மென்பொருள் வடிவமைப்பு வேலை பார்த்துக்கிட்டே பாடினவர். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலைன்னு இருந்தா அஞ்சு வருஷம் அதிகமில்லைங்கறது என் கணக்கு.

இந்த ஆல்பத்துல தீட்சிதரோட 'ரங்கபுர விஹார', தியாகராஜரோட 'மனவ்யாலகிஞ்சரா' ரெண்டும் இருக்கு. பாட்டு கத்துக்கிட்ட என் வகுப்புத் தோழன், "கீர்த்தனையைக் கெடுத்துட்டாங்கடா"ன்னான். பாதி நியாயம் தான். டிரம்ஸ் ஏறுற இடத்துல சாகித்யம் அமுங்கிப் போகுதுன்னு எனக்கும் தோணுச்சு.

ஆனா ஒண்ணு நடந்தது. உத்தனப்பள்ளி வீட்டுல ஒரு நாள் 'மனவ்யாலகிஞ்சரா'வை சத்தமா போட்டிருந்தேன். எங்க வீட்ல பேசறது தெலுங்கு. அவ்வா சபா பக்கமே போனதில்ல. திடீர்னு, "மனவினு சொல்றானே, என்ன கேக்கறான் சாமிகிட்ட?"ன்னாங்க. மனவின்னா விண்ணப்பம். திருவையாறுல உக்காந்து ஒருத்தர் தெலுங்குல வேண்டினது, ரெண்டு நூற்றாண்டு கழிச்சு கிட்டார் வழியா ஓசூர்-ராயக்கோட்டை ரோட்டுல ஒரு கிழவி காதுல விழுந்துடுச்சு.

அப்புறம் அதே பாட்டை கச்சேரி பாணியில் போட்டுக் காட்டினேன். அவ்வாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது! "இது நிதானமா இருக்கு, வார்த்தை புரியுது"ன்னாங்க.

தோழன் ஜெயிச்சுட்டானா? இல்லைன்னு தான் சொல்வேன். கச்சேரி வடிவம் இத்தனை வருஷமா இருந்துச்சு, ஆனா எங்க வீட்டுக்கு வரல. கூட்டிட்டு வந்தது ராக். வாசல்ல நின்னு வழிகாட்டினவனையே வீட்டை இடிச்சவன்னு திட்டறது எந்த ஊர் நியாயம்?

முதல் ஆல்பம் நாம யாருன்னு காட்டறதுக்கு. இரண்டாவது, இன்னும் யாரைச் சேத்துக்கப் போறோம்னு காட்டறதுக்கு. என் கணக்குப்படி அகம் அதுல பாஸ். கூட்டல் தப்புன்னா வந்து திருத்துங்க.