ஆட்குறைப்பு நியாயந்தானா?

டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸ் கம்பெனியார் சுமார் 12,000 பேரை வேலையினின்று நீக்கப் போவதாக 2025-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் அறிவித்தார்கள். அப்போது மொத்தச் சிப்பந்திகள் 6,13,000-க்கு மேற்பட்டவர்களாக இருந்தார்கள். ஆகையால் நூற்றுக்கு இரண்டு பேர்தானே என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. நீக்கப்பட்டவன் வீட்டு அடுப்பு நூற்றுக்கு இரண்டு வீதம் அணைவதில்லை, முழுவதுமே அணைகிறது.

நஷ்டத்தில் மூழ்கும் ஸ்தாபனம் ஆட்களைக் குறைப்பது வருந்தத்தக்கதேயாயினும் விளங்கக்கூடியது. ஆனால் இவ்வறிவிப்புக்குச் சில தினங்கள் முன்பு இதே கம்பெனியார் வெளியிட்ட மூன்று மாதக் கணக்கில் கண்ட நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். முந்திய வருஷத்து அதே காலத்தைவிடச் சுமார் 6 சதவிகிதம் அதிகம். லாபம் உள்ளவர் ஒருவரையும் நீக்கலாகாது என்று நாம் வாதிக்கவில்லை. யாரை நீக்கினீர், எம்முறையில் தேர்ந்தீர் என்ற கேள்விகளுக்கு அவர் மற்றவரைவிடத் தெளிவாக விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நமது கட்சி.

செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமன்று, திறமைக்கும் தேவைக்கும் பொருத்தமில்லாமையே காரணம் என்றார் தலைமை நிர்வாகி ஸ்ரீ கிருத்திவாசன். நல்லது. அத்திறமையை அளந்த கோல் எது? 2025 ஜூன் 12 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, ஒவ்வொரு சிப்பந்தியும் வருஷத்தில் 225 நாட்களாவது வாடிக்கைக்காரரிடம் பணம் பெறத்தக்க வேலையில் இருக்க வேண்டும். வேலை ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் நாட்கள் 35-க்கு மேற்படலாகாது. வேலையை ஒதுக்குவது கம்பெனி. ஒதுக்கப்படாத குற்றம் சிப்பந்தியுடையதா?

'திறமை' வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1928-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்க்கையில், ஆட்களைக் குறைக்கத் தொழில் பரீக்ஷை என்ற சல்லடையைக் கொண்டுவந்தார்கள். பல வருஷம் சம்மட்டி பிடித்தவனுக்குச் சம்மட்டியில் பரீக்ஷை! அதன் பலன் அவ்வருஷம் ஜூலை மாதத்து வேலைநிறுத்தமும், ஸ்ரீ சிங்காரவேலர் முதலியோர் சிறை சென்றதுமேயாகும்.

தொழில் தகராறுச் சட்டம் 1947-ல் பிறந்தது. கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும், மாறாகச் செய்தால் முதலாளி காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்ற விதி அதில் பின்னர் சேர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ம் வருஷத் தொழில் உறவுக் கோவையும் அவ்விதியைக் கைவிடவில்லை. இங்கோ நடுத்தர, மேல்தரப் பதவிகளில் உள்ளவர்களே பெரும்பாலும் குறிவைக்கப்பட்டனர். அவர்கள் தொழிலாளர் அல்லர், நிர்வாகிகள். சட்டம் தீண்டாது என்று வாதிக்கலாம். (கடிதத்தில் மட்டும் மானேஜராக இருப்பவர் எத்தனை பேர் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.) மேலும், ராஜினாமா எழுதும்படி பலரை நிர்ப்பந்தித்ததாகத் தொழிற்சங்கத்தார் முறையிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் வந்துவிட்டால் அது ஆட்குறைப்பே அன்று. நோட்டீஸ், நஷ்டஈடு, வரிசைக் கிரமம் யாவும் சட்டப் புஸ்தகத்தோடு நின்றுவிடும். நோட்டீஸ் காலச் சம்பளமும் அதற்கு மேலும் ஒரு தொகையும் தருவதாகக் கம்பெனியார் கூறியதை நாம் மறைக்கவில்லை. பணம் கொடுத்ததால் தேர்ந்த முறை நியாயமாகிவிடாது.

நீக்கப்பட்டவர், ராஜினாமாச் செய்தவர் ஜாபிதாவை, அவரவர் வேலைக் காலம், வகித்த பதவி, பெற்ற பயிற்சி, நீக்கிய காரணம் ஆகியவற்றுடன் சர்க்காரின் தொழிலாளர் இலாகா கேட்டு வாங்க வேண்டும். நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிய காரணத்தை எழுத்தில் கொடுக்கக் கம்பெனியாருக்கும் ஆக்ஷேபணை இருக்க நியாயமில்லை.